சேற்றுக்கரையில் கயாக் மீன்பிடிப்பு: கரை திரும்பும் நேரத்திலிருந்து தொடங்கும் கணக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் நகரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதிதன்று. தோட்டத்துக் கான்களில், அதாவது வடிகால்களில், விராலும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர்கள், வயது ஏறியதும் லங்காட் ஆற்றங்கரைக்கும் மோரிப் கடற்கரைக்கும் சென்று நிற்பது இந்த வட்டாரத்தின் வழக்கம். அவர்களுள் கயாக் வாங்கி நீரில் இறங்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரணக் கயாக், ஆள், சாமான் எல்லாம் சேர்ந்தும், ஒரு சாண் ஆழத்திற்குச் சற்றுக் குறைவான நீரிலேயே மிதந்துவிடும். விசைப்படகு நுழைய முடியாத பாக்காவ் (அலையாத்தி மர) கழிகளுக்குள் அது போகும், சத்தம் எழுப்பாது, எரிபொருள் கேட்காது. ஆனால் இவ்வளவு குறைந்த நீரில் போக முடிவதால்தான், நீர் வற்றும்போது கரைக்கு வெகு தொலைவில் சேற்றின் நடுவே அது நின்றுவிடுகிறது. ஆகவே இந்தக் கரையில் கயாக் மீன்பிடிப்பைத் திட்டமிடுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நேரத்தில், எவ்வளவு நீர் இருக்கும்போது கரை திரும்புவது என்பதையே. புறப்படும் நேரம், போகும் இடம், பிடிக்க நினைக்கும் மீன் ஆகிய எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

நீரேற்றமும் நீர்வற்றும்

மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் உச்ச ஏற்றத்திற்கும் அடுத்த உச்ச ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் கழிகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் முந்தைய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் பிந்தி வருகிறது. கிள்ளான் துறைமுகப் பகுதியில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உச்ச ஏற்றத்திற்கும் தாழ்ந்த வற்றுக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டுகிறது. ஆண்டின் மிகப் பெரிய ஏற்றங்களின்போது அட்டவணையில் நீர்மட்டம் 5 மீட்டருக்கும் மேலே குறிக்கப்படுவதைக் காணலாம். நேர் மாறாக, அஷ்டமியை ஒட்டித் தொடங்கும் சில நாள்களில் இந்த வேறுபாடு 2 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி இங்கே நல்ல துணை. அதில் திதி அச்சிடப்பட்டிருக்கும். வேறுபாடு மிகுந்த பெரு ஏற்றமும் வேறுபாடு குறைந்த சிறு ஏற்றமும் திதி நாளிலேயே உச்சத்தை அடைவதில்லை. ஓரிரு நாள் கழித்தே அடைகின்றன. ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமி தொடங்கி மூன்று நான்கு நாள்களை வேகமான நீரோட்டத்தின் நாள்களாகவும், அஷ்டமி தொடங்கி ஏகாதசி வரையிலான நாள்களை அமைதியான நாள்களாகவும் கொள்ளலாம். நல்ல காரியத்திற்கு அஷ்டமி, நவமியைத் தவிர்ப்பது நம் வீட்டு வழக்கம். கயாக்கில் புதிதாக இறங்குகிறவருக்கோ அவையே பொருத்தமான நாள்கள்.

திதி, நாளைத் தேர்ந்தெடுக்க மட்டுமே உதவும். மணியைத் தேர்ந்தெடுக்க நீரேற்ற அட்டவணை வேண்டும். மலேசியக் கடற்படையின் தேசிய நீரளவியல் மையமும், ஜூபெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறையும் இத்தகைய அட்டவணைகளை வெளியிடுகின்றன. கைப்பேசிச் செயலிகளிலும் இவை கிடைக்கின்றன. பந்திங், மோரிப், கேரித் தீவு வட்டாரத்திற்குக் கிள்ளான் துறைமுகத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஆற்றிலும் கழியிலும் உள்ளே போகப் போக ஏற்றமும் வற்றும் அட்டவணை நேரத்தைவிடப் பிந்தி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக இறங்கும் இடத்தில் ஒரு கம்பத்தையோ பாலத்தூணையோ அடையாளமாக வைத்து, நீர் திரும்பும் நேரத்தைச் சில முறை குறித்துக்கொண்டால், அந்த இடத்திற்கென்றே உரிய வேறுபாடு கைக்கு வந்துவிடும்.

நீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கடலோடிகள் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முதல் மணி நேரத்தில் மொத்த வேறுபாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கும், மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தாம் மணியில் இரண்டு பங்கும், ஆறாம் மணியில் ஒரு பங்கும் நகரும். வேறுபாடு 4.2 மீட்டராக உள்ள ஒரு நாளில், முதல் மணி நேரத்தில் 35 சென்டிமீட்டர் இறங்கும் நீர், மூன்றாம் மணி நேரத்தில் 1.05 மீட்டர் இறங்கிவிடும். 500 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரிகிற ஒரு சேற்றுப்படுகையை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீரின் விளிம்பு அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடல்பக்கம் போய்விடும்; அதாவது நிமிடத்திற்கு எட்டு ஒன்பது மீட்டர். ஒரு மீனோடு பத்து நிமிடம் போராடி முடித்துத் தலையைத் தூக்குவதற்குள், வந்த வழியில் நீர் இல்லாமல் போவது இதனால்தான். நீர் இறங்கத் தொடங்கி இரண்டாம் மணி முடிவதற்குள் கரையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

இன்னொரு செய்தியும் இந்தக் கரைக்கு மிகவும் பயன்படும். ஓரிடத்தில் பெரு ஏற்றம் எப்போதும் ஏறத்தாழ நாளின் ஒரே நேரத்திலேயே வரும். கிள்ளான் வட்டாரத்தில் அமாவாசை, பௌர்ணமி நாள்களையொட்டிய உச்ச ஏற்றம் காலை ஆறு ஏழு மணியளவிலும் மாலை ஆறு ஏழு மணியளவிலும் அமைகிறது; தாழ்ந்த வற்று நண்பகலையொட்டி வருகிறது. அந்த நாள்களில் விடியற்காலையில் போனால் கரை நிரம்ப நீர் இருக்கும். இறங்குவது மிகவும் எளிது. ஆனால் நீங்கள் வெளியே போகும் நேரம் முழுவதும் நீரும் உங்களோடு வெளியே போகிறது. வெயில் ஏறித் திரும்ப நினைக்கும்போது இறங்கிய இடத்தில் சேறு மட்டுமே இருக்கும். சிறு ஏற்ற நாள்களில் நிலைமை தலைகீழாகிறது. காலையில் நீர் தாழ்ந்திருந்து, நண்பகலை நோக்கி மெல்ல ஏறுகிறது. காலை எட்டு ஒன்பது மணிக்குள், கயாக் மிதக்கப் போதுமான நீர் வந்ததும் இறங்கி, ஏறும் நீரோடு உள்ளே போய், உச்ச ஏற்றத்தின்போதோ அதற்குப் பின் முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளோ திரும்பிவிடலாம். எங்கேனும் தட்டி நின்றாலும், ஏறும் நீர் சில நிமிடங்களில் தூக்கிவிடும். புதியவர்கள் இந்த ஒரே முறையை மட்டும் கடைப்பிடித்து ஓர் ஆண்டு பழகினாலும் நல்லதே.

இடம்

மோரிப் கடற்கரை பார்வைக்கு மணல். நீர் வற்றும்போது வெகு தூரம் வெளிப்படும் படுகையில் மேலே ஒரு மெல்லிய மணல் தோல் இருந்தாலும், பல இடங்களில் அதன் கீழே இளகிய சேறு இருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படை இங்கே கரையிறங்கியபோது, அவர்களுடைய வாகனங்கள் பல இந்தப் படுகையில் புதைந்து நின்றன. கரையிலுள்ள நினைவுச் சின்னத்தைப் பார்க்கிறவர்கள் அந்தப் படுகையையும் ஒரு முறை வற்றுநேரத்தில் நின்று பார்க்க வேண்டும். எங்கே பள்ளம், எங்கே மேடு, எந்தக் கழி எந்த வழியாகக் கடலில் சேர்கிறது என்பதையெல்லாம் நீர் இல்லாதபோதுதான் கற்க முடியும். தாழ்ந்த வற்றின்போது கரையிலிருந்தே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த பிறகு மீன் நடமாடும் வழிகள் அந்தப் பள்ளங்களே. நீர் இறங்கும்போது கடைசி வரை நீரோடு இருக்கும் வழிகளும் அவையே.

என் கருத்தில், தொடக்கத்திற்குத் திறந்த கடலைவிட லங்காட் ஆற்றின் கிளைக் கழிகளே ஏற்றவை. காற்று குறைவு, இரு கரையிலும் பாக்காவ் மரம், மீனும் அங்கேதான் நெருங்கி நிற்கிறது. கழிக்குள் ஏறும் நீரோடு போய், இறங்கும் நீரின் முதல் பகுதியோடு வெளியே வந்தால், போகும்போதும் வரும்போதும் நீரோட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். கழியின் கடைசி வளைவு வரை போய்விட வேண்டும் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் வற்றுவது அந்தக் கடைசி வளைவே.

கேரித் தீவின் செம்பனை நிலம் உச்ச ஏற்ற மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால், அதைச் சுற்றி மண்கரை எழுப்பி, மதகுகள் வைத்து நீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். கடல்நீர் இறங்கும்போது மதகு திறந்து, தோட்டத்துக் கான்களின் நீர் வெளியேறும். அந்த நீரோடு வரும் இறாலுக்கும் சிறுமீனுக்கும் கொடுவா மீன், அதாவது சியாக்காப், மதகின் வாயிலருகே காத்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த இடம் இது. கயாக்கில் இருப்பவர் மதகின் நேர் எதிரே போகவே கூடாது. திறந்த மதகின் முன்னே நீர் சுழன்று பக்கவாட்டில் தள்ளும். உட்புறமாக இருந்தாலோ உள்ளிழுக்கும். முப்பது நாற்பது மீட்டர் விலகி, ஓட்டமும் அமைதியான நீரும் சந்திக்கும் ஓரத்தில் நின்று இரையை எறிந்தாலே போதும். தோட்டச் சாலைகள் தனியாருக்குரியவை; காவல் கூண்டில் கேட்டு, அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். கேரித் தீவுக்கும் இண்டா தீவுக்கும் இடையிலுள்ள நீர்வழி பெரிய துறைமுகத்தை ஒட்டியது. கப்பலும் இழுவைப் படகும் போகும் அந்த நீரில் கயாக்கிற்கு வேலை இல்லை. மீனவர் நட்டிருக்கும் வலைக் கம்புகளையும் மட்டி வளர்ப்புப் படுகைகளையும் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். அவை ஒருவருடைய பிழைப்பு. அவற்றில் கயாக்கைக் கட்டுவதும் சரியன்று.

கடற்கரையை விட்டுச் சற்று விலகியதும் கரை முழுவதும் ஒரே பசுமையாகத் தெரியும். எந்த இடைவெளி நீங்கள் வந்த கழி என்று அடையாளம் காண்பது எளிதன்று. இந்த வட்டாரத்தில் ஜுக்ரா குன்று ஒன்றே தனித்து உயர்ந்து நிற்கிறது. புறப்படும்போதே திரும்பிப் பார்த்து, குன்று எந்தப் பக்கம் இருக்கிறது, கழிவாயிலுக்கு நேரே எந்த மரம் அல்லது கோபுரம் தெரிகிறது என்று இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வைத்துக்கொண்டால், திரும்பும்போது அந்த இரண்டும் மீண்டும் ஒரே கோட்டில் வரும் இடமே உங்கள் வழி.

காற்றும் இடியும்

மேற்குக் கரையில் கடற்காற்று பொதுவாக முற்பகல் முடியும் நேரத்தில் எழுந்து பிற்பகலில் வலுக்கிறது. அது கடலிலிருந்து கரை நோக்கி வீசும். அதே நேரத்தில் ஆற்றுநீர் கடல் நோக்கி இறங்கினால், இரண்டும் எதிர்மோதும் கழிவாயிலில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். ஒரு மணி நேரத்திற்கு முன் அமைதியாக இருந்த வாயில் கயாக்கைக் கவிழ்க்கும் இடமாக மாறுவது இப்படித்தான். தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் புயற்காற்று வரிசை, விடியலுக்கு முன்னும் காலையிலும் இந்தக் கரையைத் தாக்கும். மேற்கே அடிவானம் முழுவதும் வளைவாக ஒரு கருமேகம் தெரிந்து, திடீரெனக் குளிர்ந்த காற்று வந்தால், தூண்டிலைச் சுற்றி எடுக்க நேரம் பார்க்காமல் அருகிலுள்ள கரைக்குப் போக வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் நீரில் இருக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்கலாம். கரிநார் (கார்பன்) தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் அதை நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைக்க வேண்டும். மலேசிய வானிலைத் துறையின் செயலியை முந்தைய இரவும் புறப்படும் முன்னும் பார்ப்பது கட்டாயம்.

கயாக்கும் அங்கியும்

இந்த வேலைக்கு மேலே உட்காரும் வகைக் கயாக்கே வேண்டும். நீர் உள்ளே தேங்காமல் தளத்துத் துளைகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மறுபடி ஏறலாம். நீளம் மூன்று முதல் நான்கு மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாதது, எடை இருவர் தூக்கக்கூடிய அளவு. பழையது வாங்கினால், இருக்கையின் அடியிலும் பின்முனையின் கீழும் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறங்கள் தொலைவிலிருந்து தெரியும். பாக்காவ் காட்டின் நிறத்தில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உயிர்காப்பு அங்கி கயாக்கின் பின்னால் கட்டி வைக்கும் பொருளன்று. இறங்கும் நொடியிலிருந்து கரை ஏறும் நொடி வரை அது உடம்பில், எல்லாக் கொக்கியும் பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். அதில் ஒரு விசில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கைப்பேசியை நீர்புகாத உறையில் போட்டு அங்கியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கயாக்கின் பெட்டிக்குள் இருக்கும் கைப்பேசி, கயாக்கை விட்டு விலகி நீரில் மிதப்பவருக்குப் பயன்படாது. துடுப்பைக் கயிற்றால் கயாக்கோடு இணைக்க வேண்டும். குடிநீர் குறைந்தது மூன்று லிட்டர், முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, ஒரு சிறு கத்தி ஆகியவையும் வேண்டும். பாக்காவ் ஓரத்தில் கொசுவும் ஆகாஸ் என்னும் கடிக்கும் சிறு பூச்சியும் விடியலிலும் அந்தியிலும் கடுமையாகக் கடிக்கும்.

தூண்டிலோடு இறங்குவதற்கு முன், தூண்டில் இல்லாமல் ஒரு நாள் இறங்க வேண்டும். அலை அமைதியாக உள்ள ஏற்ற நேரத்தில், மார்பளவு நீரில், கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு, கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்த கயாக்கின் அடிப்பக்கத்தைத் தாண்டிக் கையை நீட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். பிறகு கயாக்கின் நடுப்பகுதியில் கைகளை ஊன்றி, கால்களை நீரின் மேற்பரப்பில் உதைத்து, வயிறு இருக்கையின் குறுக்கே வரும்வரை ஏற வேண்டும். அதன் பின்னரே மெல்லப் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். எழுந்து நிற்க முயன்று ஏறுவதால்தான் பெரும்பாலானோர் மறுபடி கவிழ்கிறார்கள். களைத்த நிலையிலும் இதைச் செய்ய முடியும் என்ற உறுதி வந்த பிறகே ஆழமான நீருக்குப் போகலாம்.

நங்கூரம்

கழியில் ஒரே இடத்தில் நின்று மீன்பிடிக்க நங்கூரம் வேண்டும். கயாக் விபத்துகளுக்கு அதுவே முக்கியக் காரணமாகவும் ஆகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள மடக்கு நங்கூரம் சாதாரண நாள்களுக்குப் போதும். நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் பக்கவாட்டில் கட்டவே கூடாது. ஓட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது, கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்க, நீர் தளத்தில் ஏறி, சில விநாடிகளில் கயாக் கவிழ்ந்துவிடும். கயிறு எப்போதும் முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோ புறப்பட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை முனைக்கு நகர்த்த, பக்கத்தில் இரண்டு கப்பிகளோடு ஓடும் வளையக் கயிறு ஒன்றைப் பொருத்திக்கொள்வார்கள். நீரின் ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் சேற்றைப் பிடிக்கும். ஏறும் நீரில் ஆழம் கூடிக்கொண்டே போவதால், கயிற்றையும் அவ்வப்போது கூட்டி விட வேண்டும்.

பாக்காவ் கழியின் அடியில் வேர்களும் முறிந்த கிளைகளும் கிடக்கும். நங்கூரம் அதில் மாட்டிக்கொண்டால் பலம் போட்டு இழுக்கக் கூடாது. கயிற்றை நங்கூரத்தின் கொக்கிகள் கூடும் அடிப்பகுதியில் கட்டி, மேல் வளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் மட்டும் பிணைத்து வைத்தால், மாட்டிய நங்கூரத்தை நேர் மேலே போய் இழுக்கும்போது பட்டை அறுந்து, நங்கூரம் தலைகீழாக வெளியே வந்துவிடும். கயிற்றின் கயாக் பக்க முனையில் ஒரு மிதவையும், ஒரே இழுப்பில் கழலும் முடிச்சும் இருக்க வேண்டும். பெரிய மீன் இழுக்கும்போதும், படகு வரும்போதும், ஓட்டம் கூடும்போதும், நங்கூரத்தை எடுக்க நேரம் இராது. கழற்றிவிட்டுப் போய், பிறகு மிதவையைத் தேடி வரலாம். பெரு ஏற்ற நாள்களின் நடு மணிகளில் நங்கூரமே வேண்டாம் என்பது என் முடிவு. அப்போது கரையோரமாக மிதந்துகொண்டே எறிவதுதான் பாதுகாப்பு. மீனும் அந்த நேரத்தில் ஓட்டத்தின் நடுவே நிற்பதில்லை.

இரையும் மீனும்

இந்தக் கழிகளில் கொடுவா, ஜெனாஹாக், சியாக்காப் மேரா, கெலாமா, கெளுத்தி இனத்தைச் சேர்ந்த செம்பிலாங், டுரி, மற்றும் திருக்கை ஆகியவை கிடைக்கும். கொடுவாவின் பழக்கத்தை அறிந்துகொண்டாலே பாதி இடம் புரிந்துவிடும். ஏறும் நீரில் அது மடவைக் குஞ்சுகளையும் இறாலையும் தொடர்ந்து பாக்காவ் வேர்களுக்குள் போகும். இறங்கும் நீரில் அவை வெளியே வந்தே தீர வேண்டும் என்பதால், கிளைக் கழி பெரிய கழியோடு சேரும் முனையில், ஓட்டம் குறைந்த பக்கத்தில் மறைந்து நிற்கும். ஆகவே ஏறும் நீரில் வேர்களின் விளிம்பையும், நீர் திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தில் கிளை வாயில்களையும் தேட வேண்டும். இரண்டாவது நேரம்தான் சிறந்தது. அதுவே நீங்கள் கரை நோக்கித் திரும்பும் நேரமும் ஆகும். வழியிலுள்ள ஒவ்வொரு வாயிலிலும் சில எறிகள் போட்டுக்கொண்டே வெளியே வரலாம்.

உயிருள்ள இறால் இங்கே எல்லா இரைக்கும் மேலானது. அதை வாளியில், காற்றுக் குழாய் ஓடும் உவர்நீரில், நிழலில் வைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் அதைக் கொன்றுவிடும். தூண்டில் முள்ளை இறாலின் தலைக் கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளிக்கு முன்னால், மெல்லியதாகக் குத்தினால் நெடுநேரம் துள்ளும். ஓட்டம் குறைவான இடத்தில் மிதவையின் கீழும், ஓட்டமுள்ள இடத்தில் அடியில் நிற்கும் அளவு மட்டும் ஈயக்குண்டு சேர்த்தும் போட வேண்டும். செம்பிலாங், டுரி போன்றவற்றிற்குப் பாக்காவ் சேற்றில் கிடைக்கும் உம்புன் புழு நல்லது. செயற்கை இரை விரும்புகிறவர்கள், இந்தக் கரையின் நீர் கலங்கலாக இருப்பதால், அதிர்ந்து ஓடும் வகையையும் கருமையாகத் தெரியும் நிறத்தையும் தேர்ந்தெடுத்து, மெதுவாக இழுக்க வேண்டும்.

கம்பு ஆறரை அடி போதும். கயாக்கின் முன்முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டு போகும் நீளம் அதற்கு இருக்கிறது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்ற கூர்மை உடையது; ஆகையால் மெயின் நூலின் முனையில் 40 பவுண்டுக்குக் குறையாத தடித்த நைலான் நரம்பு ஒரு மீட்டர் கட்ட வேண்டும். கரையில் நின்று இழுப்பதும் கயாக்கில் இருந்து இழுப்பதும் ஒன்றல்ல. கயாக்கில் மீன் உங்களையே இழுத்துச் செல்லும். அது இழுக்கும் திசையில் முன்முனையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கம்பைப் பக்கவாட்டில் வெகுவாகச் சாய்க்காமல், உங்கள் தலை எப்போதும் கயாக்கின் இரு விளிம்புகளுக்கு இடையே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தலை வெளியே போனால் உடலும் போகும். மீன் களைத்து மேலே வந்த பிறகு, கைவலையை நீருக்குள் வைத்து, மீனை அதன்மேல் வழிநடத்த வேண்டும்.

செம்பிலாங்குக்கும் டுரிக்கும் முதுகில் ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக நச்சு முள் உண்டு, திருக்கைக்கு வாலில். இவற்றை வெறுங்கையால் மடியில் எடுத்துப் போடக் கூடாது. இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும், அல்லது நரம்பை அறுத்துவிட வேண்டும். குத்திவிட்டால், கரை சேர்ந்ததும், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியசைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை அமிழ்த்தினால் வலி தணியும். சூட்டை, குத்தப்படாத கையால் பார்க்க வேண்டும். வெந்நீர் வலியை மட்டுமே தணிக்கும். முள் உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ, மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ உடனே பந்திங் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உவர்நீர்ச் சேற்றில் சிப்பி கீறிய காயத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அத்தகைய காயம் சில மணி நேரங்களில் கடுமையாகலாம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொடுவா பொதுவாக முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். எனவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணே. சட்டிக்கு நடுத்தர அளவு போதும். பெரியதை, வயிற்றை ஒரு கையால் தாங்கி, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்தும்வரை பிடித்திருந்து விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று பனிப்பெட்டியில் போட வேண்டும். கயிற்றில் கோத்து நீரில் இழுத்து வரும் பழக்கம் கயாக்கில் வேண்டாம். சிலாங்கூர் ஆற்று முகங்களில் உவர்நீர் முதலை தென்படுவதுண்டு.

சேற்றில் நின்றுவிட்டால்

எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் சில சமயம் கயாக் தரை தட்டும். நீர் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருந்தால் போதும். இறங்கிக்கொண்டிருந்தால், தட்டிய அந்த நிமிடத்திலேயே துடுப்பால் பின்னோக்கித் தள்ளி, அருகிலுள்ள பள்ளத்தைத் தேட வேண்டும். முடியாமல் போனால், இறங்கி நடக்க எண்ணக் கூடாது. முழங்கால் வரை புதைந்த காலை இழுக்க முயலும்போது மற்றொரு கால் இன்னும் ஆழமாகப் புதையும். வெயிலில் அந்தப் போராட்டமே ஒருவரை வீழ்த்திவிடும். கயாக்கின் மேலேயே இருந்து, தலையை மூடி, நீரை அளவாகக் குடித்து, வீட்டுக்கு அழைத்து நிலைமையைச் சொல்லி, நீர் திரும்பும்வரை காத்திருப்பதே சரி. இடி மின்னல் போன்ற காரணத்தால் நகர்ந்தே ஆக வேண்டுமென்றால், கயாக்கின் பின்பகுதியில் மார்பைச் சாய்த்துப் படுத்து, எடையைப் பரப்பி, கால்களால் சேற்றைப் பின்னுக்கு உந்தி, கயாக்கைச் சறுக்கு மரம் போல நகர்த்த வேண்டும். கயாக்கை விட்டுப் பிரியக் கூடாது.

புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் எங்கே இறங்குகிறீர்கள், எந்தக் கழிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையில் இருப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்திற்குப் பின் எவ்வளவு காத்திருந்து 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருட்டும் நேரத்தை ஒட்டித் திரும்பும் திட்டம் எதுவும் வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு இருவராகவே போக வேண்டும். இருவருக்கும் இடையிலான தூரம் விசில் கேட்கும் அளவைத் தாண்டக் கூடாது.

கரை சேர்ந்ததும் கயாக்கை இழுக்காமல் தூக்கிச் செல்வது அதன் ஆயுளைக் கூட்டும். கம்பு, நூல் சுற்றும் மெசின், துடுப்பு, அங்கியின் கொக்கிகள் ஆகியவற்றை நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மெசினை நீரில் முக்கக் கூடாது. இழுவிசைத் திருகை இறுக்கிவிட்டு மெல்லத் தெளித்துக் கழுவி, உலர்ந்த பின் தளர்த்தி வைக்க வேண்டும். பின்பக்க அடைப்பானைத் திறந்து, கயாக்கின் வயிற்றில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோப்பைக்கு மேல் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. இருக்கையின் கீழும், கம்பு தாங்கிகளின் திருகுகளைச் சுற்றியும், பின்முனையின் அடியிலும் சோப்பு நீர் தடவி, அடைப்பான் துளை வழியே காற்றை ஊதிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை அடைத்த பிறகே மறுமுறை நீரில் இறக்க வேண்டும்.